அம்மாவின் மெடிகேர் திட்டம் 2026-இல் மாறுகிறது: கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நியூஜெர்சிமகன் | 2025 நவம்பர் 21

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை தேவைப்படுகிறது.

அம்மாவுக்கு 74 வயது. நியூ ஜெர்சியின் எடிசனில் எங்களோடு இருக்கிறார். அப்பா இங்கே பதினாலு வருஷம் வேலை பார்த்து வரி கட்டியவர். அதனால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ அம்மாவுக்கும் இலவசமாகவே கிடைத்தது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மெடிகேர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே பிரித்து, மூலையில் தேதி எழுதி, நீலக் கோப்பில் சேர்த்துவிடுவார். போன வருஷம் நான் எதையும் தொடவில்லை, திட்டம் தானாகவே தொடர்ந்தது. இந்த வருஷமும் அப்படியே போகட்டும் என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் சாம்பிராணி தேடியபோது, பிரிக்காத உறை ஒன்று கையில் கிடைத்தது. செப்டம்பர் கடைசியில் வந்திருக்கிறது. உள்ளே அடுத்த வருஷ மாற்றங்களைச் சொல்லும் ஆண்டுக் கடிதம். அம்மாவைக் கேட்டேன். "விளம்பரம்னு நெனச்சேன்ப்பா, தினமும் நாலு வருதே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்டோபர் முழுக்க எங்கள் தபால் பெட்டியில் அதுதான் நிரம்பிக் கிடந்தது.

அவருடையது மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் திட்டம். அதிலும் எச்எம்ஓ வகை, திட்டத்தின் பட்டியலில் (நெட்வொர்க்) உள்ள டாக்டர்களிடம்தான் போக வேண்டும். மாதப் பிரீமியம் ஜீரோ, அடுத்த வருஷமும் ஜீரோதான். அதைப் பார்த்து நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினால் மற்றதெல்லாம் மாறியிருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் கோபே (ஒவ்வொரு தடவையும் நாம் கொடுக்கும் பங்கு) 35 டாலரிலிருந்து 45. மருத்துவமனையில் சேர்ந்தால் இப்போது முதல் 6 நாளுக்கு நாளொன்றுக்கு 295. இனி முதல் 7 நாளுக்கு 375. வருஷத்தில் நம் கையிலிருந்து போகக்கூடிய உச்சவரம்பு 4,900 ஆக இருந்தது, 6,750 ஆகிறது. பல் வைத்தியத்துக்கு 2,000 கொடுத்தார்கள், இனி 1,000. மருந்துக்கு இதுவரை டிடக்டபிள் (காப்பீடு பங்கு கொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) கிடையாது. இனி டயர் 3, 4, 5 மருந்துகளுக்கு, அதாவது திட்டத்தின் பட்டியலில் விலை கூடிய படிகளில் உள்ளவற்றுக்கு, 615 டாலர்.

அம்மா எடுக்கும் மருந்துகள்: எலிக்விஸ் காலை ஒன்று, இரவு ஒன்று. ஜானுவியா, மெட்ஃபார்மின், அம்லோடிபின். படுக்கும்போது கண்ணுக்கு லட்டனோப்ரோஸ்ட் சொட்டு. இதய மருத்துவரிடம் வருஷத்துக்கு நாலு தடவை, கண் மருத்துவரிடம் மூன்று தடவை போகிறார். பிப்ரவரி நடுவில் கிளம்பி இரண்டரை மாதம் திருச்சியில் இருப்பார்.

இதே திட்டத்தில் விட்டுவிடலாமா, மாற்ற வேண்டுமா? டிசம்பர் 7 கடைசி நாள் என்கிறார்கள். இன்னொன்று, அம்மாவின் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) தொகையில் பிடிப்பது ஜனவரியிலிருந்து கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். அது இந்தத் திட்டத்தால் கூடுகிறதா? எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

---

கணக்குப்பிள்ளை | 2025 நவம்பர் 21

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம், அரசு வசூலிப்பது. 2025-இல் மாதம் 185 டாலர், 2026-இல் 202.90. நீங்கள் எந்தத் திட்டத்தில் இருந்தாலும் இது உண்டு. வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். உங்கள் திட்டத்தின் "ஜீரோ" என்பது இதற்கு மேல் வேறு பிரீமியம் கட்ட வேண்டாம் என்பதுதான். சோஷியல் செக்யூரிட்டி தொகையும் 2026-க்கு 2.8 சதவீதம் கூடுவதால் அம்மாவின் கைக்கு வருவது எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் அரசே நேரடியாக நடத்தும் சாதாரண மெடிகேரும், அதற்குத் துணையாக மீதிச் செலவை ஏற்கும் தனியார் காப்பீடான மெடிகேப்பும் வைத்திருக்கிறேன். நெட்வொர்க் தொல்லை கிடையாது. மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். முடிந்தால் அம்மாவை அதற்கு மாற்றிவிடுங்கள்.

---

மல்லிகைப்பந்தல் | 2025 நவம்பர் 22

தம்பி, நானும் நியூ ஜெர்சிதான். மாமியாருக்கும் என் அப்பாவுக்கும் சேர்த்து ஒன்பது வருஷமாக இந்தக் காகிதங்களைப் பார்த்து வருகிறேன். உங்களுக்கு இன்னும் முழுசாக இரண்டு வாரம் இருக்கிறது. அது போதும்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன், பிரீமியத்தைப் பார்த்து நிம்மதியடைந்தேன்.

2021 இலையுதிர் காலத்தில் மாமியாருக்கு இதே மாதிரிக் கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். பிரீமியம் மாறவில்லை என்றதும் மடித்து வைத்துவிட்டேன். மருந்துப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அவரும் உங்கள் அம்மா போல எலிக்விஸ்தான் எடுத்தார், மாதம் 47 டாலர். ஜனவரியில் புதிதாக டிடக்டபிள் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்துக்கடை ஜன்னலில் நானூற்றுச் சொச்சம் கேட்டிருக்கிறார்கள். அவர் வாங்காமல் திரும்பி வந்துவிட்டார். மகனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இரண்டு வாரம் கழித்து. ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று வைத்திருப்பார். மேல் வரிசை காலைக்கு, கீழ் வரிசை இரவுக்கு. மேசையைத் துடைக்கும்போது மூடி ஒன்று திறந்துகொண்டது. இரவுக் குழியில் கொழுப்பு மாத்திரை இருந்தது, அந்த இளஞ்சிவப்பு எலிக்விஸ் மாத்திரை இல்லை. அடுத்த மூடியைத் திறந்தேன், அதிலும் இல்லை. கீழ் வரிசை முழுக்க ஒன்றில்கூட இல்லை. வீட்டில் மிச்சமிருந்ததை நீட்டிப்பதற்காகக் காலையில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கு உங்களுக்கு இவ்வளவு செலவு, ஒரு வேளை போட்டாலும் வேலை செய்யும்லம்மா" என்றார். பக்கவாதம் வராமல் இருக்கத்தான் அந்த மாத்திரையே. இதய மருத்துவர் அன்றைக்குப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. கடவுள் புண்ணியத்தில் எதுவும் ஆகவில்லை.

அதனால் கடிதத்தை எடுப்பதற்கு முன்னால் அம்மாவின் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். காகிதத்தில் உள்ள மருந்துகளையும் அவர் உண்மையிலேயே எடுத்துக்கொள்வதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தக் கடிதம் திட்டத்தில் என்ன மாறியது என்று மட்டும்தான் சொல்லும். உங்கள் அம்மாவுக்கு இந்த ஒரு வருஷத்தில் என்ன மாறியது என்பதை நீங்கள்தான் எழுதி அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். மருந்தின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்தக் கடையில் வாங்குகிறார், எந்த டாக்டர்கள், எந்த மருத்துவமனை. ஒரு முழுத்தாளில் எழுதுங்கள். அப்பா வைத்திருந்த நீலக் கோப்பில் இதில் பாதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, மருந்துக்கு வருவோம். அந்த 615 உங்கள் வீட்டில் எப்படி வந்து விழும் என்று கணக்குப் போடலாம். எலிக்விஸும் ஜானுவியாவும் டயர் 3 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் திட்டத்தின் 2026 மருந்துப் பட்டியலில் பார்த்துவிடுங்கள், 2025 பட்டியலில் அல்ல. மெடிகேர் தானே பேரம் பேசி விலை குறைத்த முதல் பத்து மருந்துகளில் இந்த இரண்டும் இருக்கின்றன. அந்த விலை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 30 நாளுக்கு எலிக்விஸ் 231 டாலர், ஜானுவியா 113. இரண்டும் சேர்ந்து 344. டிடக்டபிள் தீரும்வரை இதை முழுசாக நாம்தான் கொடுக்க வேண்டும். ஜனவரியில் 344, பிப்ரவரியில் 271. அத்தோடு 615 முடிகிறது. பிப்ரவரியில் மீதி 73 டாலருக்கு மட்டும் நம் பங்கு, மார்ச்சிலிருந்து வழக்கமான கோபே. மெட்ஃபார்மினும் அம்லோடிபினும் பெரும்பாலும் டயர் 1-இல் இருக்கும், அவற்றுக்கு இந்த டிடக்டபிள் வராது. சொட்டு மருந்தை மட்டும் தனியாகப் பாருங்கள். கண் மருந்துகள் டயர் மாறுவதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அம்மா ஊருக்குப் போவதால் ஒன்று யோசிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் 90 நாள் மருந்தாக வாங்குவீர்கள். அப்போது 615-இல் மீதி இருப்பது முழுதும் ஒரே நாளில், ஒரே ரசீதில் வரும். அந்த ஜன்னலில் அம்மா தனியாக நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2025 முதல் எல்லா பார்ட் டி (மெடிகேரின் மருந்துக் காப்பீடு) திட்டங்களிலும் மருந்துச் செலவை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதி உண்டு, மெடிகேர் பிரிஸ்கிரிப்ஷன் பேமென்ட் பிளான் என்று பெயர். வட்டி கிடையாது. கடையில் கேட்டால் நடக்காது, காப்பீட்டுத் திட்டத்துக்குப் போன் செய்து முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மொத்தச் செலவு இதனால் குறையாது, ஒரே நாளில் வந்து அழுத்தாது, அவ்வளவுதான். அப்புறம், பார்ட் டி மருந்துகளுக்கு ஒரு வருஷத்தில் நம் கையிலிருந்து போவதற்கு இப்போது உச்சவரம்பு இருக்கிறது. 2025-இல் 2,000 டாலர், 2026-இல் 2,100. மாமியார் பட்ட காலத்தில் இது இல்லை.

நியூ ஜெர்சியில் இருப்பதால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். மாநில அரசின் பாட் என்ற மருந்து உதவித் திட்டம் 65 வயதானவர்களுக்கு உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, ஆனால் அவர்கள் பார்ப்பது அம்மாவின் வருமானத்தை, உங்களுடையதை அல்ல. கிடைத்துவிட்டால் அதில் வரும் மருந்துகளுக்கு ஜெனரிக் 5 டாலர், பிராண்ட் 7 டாலர். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான், நமக்கெல்லாம் கிடைக்காது என்று கேட்காமலே இருந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது டாக்டர்கள். எச்எம்ஓவில் இதுதான் பெரிய விஷயம், கடிதத்தில் இது பெயர் பெயராக இருக்காது. நெட்வொர்க் மாறலாம், புதிய பட்டியலைப் பாருங்கள் என்று ஒரு வரி இருக்கும். இணையத்தில் உள்ள பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், பழையதாக இருக்கும். இரண்டு டாக்டர்களின் அலுவலகத்துக்கும் போன் செய்து, பில்லிங் பார்ப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "இந்தக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு கம்பெனிக்குப் பத்துத் திட்டம் இருக்கும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திட்டத்தின் முழுப்பெயரையும், எச் என்று தொடங்கும் எண்ணையும் வாசித்து, "2026 ஜனவரிக்குப் பிறகும் இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா" என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா பழக்கப்பட்ட மருத்துவமனைக்கும் இதே கேள்விதான்.

மருத்துவமனைக் கட்டணம் கூடியதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கணக்கில் ஒரு வாரம் படுத்தால் 6 பெருக்கல் 295, அதாவது 1,770. புதிய கணக்கில் 7 பெருக்கல் 375, 2,625. ஒரே தடவையில் 855 டாலர் கூடுதல். 74 வயதில் எலிக்விஸ் எடுப்பவருக்கு இந்த வரிதான் முக்கியம். பல் தொகை பாதியானது வருத்தம்தான், ஆனால் அதற்காகத் திட்டத்தை மாற்றவோ அதை நம்பி இருக்கவோ வேண்டாம். தொலைக்காட்சி விளம்பரம் எல்லாமே பல்லையும் கண்ணாடியையும்தான் காட்டும்.

இத்தனையும் கையில் வந்தபின் மெடிகேரின் சொந்த இணையதளத்தில் பிளான் ஃபைண்டரைத் திறந்து, உங்கள் அஞ்சல் குறியீட்டையும் அம்மாவின் மருந்துகளையும் கடையையும் போடுங்கள். கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். பிரீமியம் வரிசையில் காட்டினால் அதை மாற்றி, மருந்தும் பிரீமியமும் சேர்ந்த வருஷச் செலவு வரிசையில் வைத்துப் பாருங்கள். கடைகளை இரண்டு மூன்று மாற்றிப் போடுங்கள். ஒரே மருந்து, ஒரே திட்டம், தெரு தாண்டி இன்னொரு கடையில் கோபே வேறாக இருக்கும். இப்போதைய திட்டத்தையும் 2026 விலையில் அதே பட்டியலில் வைத்து ஒப்பிடுங்கள். பார்த்துவிட்டு இருப்பதே மேல் என்று முடிவு செய்தால் அதுவும் சரிதான்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன மெடிகேப் நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்க எளிதான காலம் 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதம். அப்போது உடல்நிலையைக் கேட்காமல் கொடுத்தாக வேண்டும். நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில் எப்போதும் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் அப்படி இல்லை. எலிக்விஸ் எடுப்பவர் என்று தெரிந்தால் மறுக்கலாம், விலையைக் கூட்டலாம். அங்கே எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வராமல் இங்கே அட்வான்டேஜை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஒரு முக்கியமான விதிவிலக்கு: உங்களுக்கு வந்திருப்பது மாற்றக் கடிதமாக இல்லாமல், திட்டமே அடுத்த வருஷம் கிடையாது என்று சொல்லும் கடிதமாக இருந்தால், மெடிகேப்பை உடல்நிலை கேட்காமல் வாங்கும் உரிமை கிடைக்கும். கடிதத்தின் முதல் பக்கத்தை இன்னொரு தடவை வாசித்துவிடுங்கள்.

தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்று இலவச ஆலோசனை இருக்கிறது. நம் மாநிலத்தில் கவுண்டி (மாவட்டம் மாதிரி) வாரியாக, உங்களுக்கு மிடில்செக்ஸ். அவர்களுக்கு யாரும் கமிஷன் கொடுப்பதில்லை. இப்போது நெரிசல் நேரம், திங்கட்கிழமை காலையிலேயே நேரம் கேளுங்கள். மெடிகேரின் எண் 1-800-633-4227, இரவிலும் எடுப்பார்கள். அப்பாவுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், சிறிது நேரம் காத்திருந்ததும் இணைப்பில் வந்தார். போனில் அம்மா பக்கத்தில் இருந்து, மகன் பேசலாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

யாராவது தாங்களாகவே கூப்பிட்டு மெடிகேர் எண்ணைக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். மெடிகேர் அப்படிக் கூப்பிட்டுக் கேட்காது.

---

ராலேவாசி | 2025 நவம்பர் 22

மல்லிகைப்பந்தல் அக்கா சொன்னதோடு ஊர்ப் பயணம் பற்றி ஒன்று. அட்வான்டேஜ் திட்டத்தின் எல்லையை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திட்டத்திலிருந்து நீக்குவார்கள். உங்கள் இரண்டரை மாதத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஊரில் உடம்பு சரியில்லாமல் போனால் சாதாரண மெடிகேர் இந்தியாவில் பணம் கொடுக்காது. சில அட்வான்டேஜ் திட்டங்கள் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு ஓரளவு கொடுக்கின்றன. 2026-க்கான முழு விவரப் புத்தகத்தில் அது இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள். எப்படியும் பயணக் காப்பீடு தனியாக எடுத்துவிடுங்கள்.

பார்ட் ஏ இலவசமாகக் கிடைத்தது உங்கள் அப்பா விட்டுச் சென்ற பெரிய சொத்து. என் அம்மா கிரீன் கார்டில் வந்து, ஐந்து வருஷம் முடித்து, இப்போது பணம் கட்டித்தான் சேர முடிந்தது. பிள்ளைகள் கட்டிய வரி பெற்றோருக்கு எண்ணப்படாது. பார்ட் ஏ-வுக்கு முழுப் பிரீமியம் 2026-இல் மாதம் 565, அதை நாங்கள் எடுக்கவில்லை. பார்ட் ஏ, பார்ட் பி இரண்டும் இருந்தால்தான் அட்வான்டேஜில் சேர முடியும் என்பதால் நாங்கள் பார்ட் பி, பார்ட் டி மட்டும் வைத்துச் சமாளிக்கிறோம்.

---

நியூஜெர்சிமகன் | 2025 டிசம்பர் 2

எல்லோருக்கும் நன்றி. மல்லிகைப்பந்தல் அக்கா, உங்கள் பதிலைப் படித்த உடனே மாத்திரைப் பெட்டியைத்தான் பார்த்தேன். மாத்திரைகள் சரியாக இருந்தன. சொட்டு மருந்துதான் சரியில்லை. ஒரு புட்டி ஒரு மாதத்துக்கு வர வேண்டும், அம்மா இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். கை நடுங்குவதால் பாதிச் சொட்டு கன்னத்தில் விழுகிறது, வீணாகிறதே என்று சில நாள் விட்டுவிடுவாராம். காசு காரணம் இல்லை. இப்போது இரவில் நானோ என் மனைவியோ போட்டுவிடுகிறோம்.

இதய மருத்துவர் அலுவலகத்தில் 2026-உம் உண்டு என்றார்கள். கண் மருத்துவர் அலுவலகத்தில் முதலில் ஆமாம் என்றார்கள். நீங்கள் சொன்னபடி எச் எண்ணை வாசித்ததும் காத்திருக்கச் சொல்லி, திரும்பி வந்து, அந்தத் திட்டத்திலிருந்து டிசம்பரோடு விலகுகிறோம் என்றார்கள். இது அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

ஷிப் ஆலோசகர் நேற்று முக்கால் மணி நேரம் கொடுத்தார். எங்கள் கவுண்டியில் இரண்டு திட்டங்களில் கண் மருத்துவரும் இதய மருத்துவரும் இருக்கிறார்கள். ஒன்றில் பிரீமியம் மாதம் 29 டாலர், மருந்துக்கு டிடக்டபிள் இல்லை, எலிக்விஸுக்கும் ஜானுவியாவுக்கும் கோபே தலா 42. இன்னொன்றில் பிரீமியம் ஜீரோ, டிடக்டபிள் 400, கோபே 47. உச்சவரம்பு முதலாவதில் 5,200, இரண்டாவதில் 6,400. மருத்துவமனைக் கட்டணமும் முதலாவதில்தான் குறைவு. மாதம் 29 கட்ட அம்மா தயங்குகிறார். "அப்பா இருந்தவரைக்கும் ஜீரோதானே" என்கிறார். பாட் விண்ணப்பமும் போட்டிருக்கிறேன். முதல் திட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இப்போதைய திட்டத்தை முதலில் ரத்து செய்ய வேண்டுமா?

---

மல்லிகைப்பந்தல் | 2025 டிசம்பர் 2

கண் டாக்டர் விஷயம் இப்போதே தெரிந்தது எவ்வளவு நல்லது தம்பி. கண் அழுத்தம் உள்ளவருக்கு நடுவில் டாக்டர் மாறுவது பெரிய சிரமம். சொட்டு சரியாகப் போகவில்லை என்பதையும் அடுத்த தடவை அவரிடம் சொல்லிவிடுங்கள். அழுத்தம் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றை எழுதிவிடுவார்.

ரத்து செய்யவே வேண்டாம். புதியதில் சேர்ந்தாலே பழையது ஜனவரி 1-இல் தானாக விலகிவிடும். ரத்து செய்யப் போனால்தான் குழப்பம் வரும். 29 டாலர் கணக்கை அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வருஷத்துக்கு 348. மற்றதில் 400 டிடக்டபிளையே ஜனவரி, பிப்ரவரிக்குள் கட்டியாக வேண்டும், அதற்கு மேல் கோபேயும் அதிகம். மருத்துவமனைக்கு ஒரு நாள்கூடப் போகாவிட்டாலும் முதல் திட்டம்தான் அவருக்கு மலிவு. பாட் கிடைத்தால் மருந்துக் கணக்கு மாறும், ஆனால் உச்சவரம்பும் மருத்துவமனைக் கட்டணமும் அப்போதும் முதலாவதில்தான் குறைவு.

7-ஆம் தேதிவரை காத்திருக்காதீர்கள். உறுதி எண் வந்தால் குறித்து வையுங்கள். அட்வான்டேஜில் இருப்பவர்களுக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒரு தடவை மாற்றிக்கொள்ள இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஏதாவது தப்பாகப் போனால் அதில் சரி செய்யலாம். ஆனால் அம்மா பிப்ரவரியில் கிளம்புவதால் ஜனவரி முதல் வாரத்திலேயே கண் டாக்டரையும் மருந்துக்கடையையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.

---

நியூஜெர்சிமகன் | 2025 டிசம்பர் 3

நேற்றிரவு சேர்த்துவிட்டேன் அக்கா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் சரி என்றார். உறுதி எண்ணை அப்பாவின் நீலக் கோப்பில், மேல் மூலையில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பழைய அட்டையை எப்போது தூக்கிப் போடலாம்?

---

மல்லிகைப்பந்தல் | 2025 டிசம்பர் 3

டிசம்பர் 31 வரை அதுதான் செல்லும், பர்ஸிலேயே இருக்கட்டும். டிசம்பரில் பார்த்த வைத்தியத்துக்கான பில் மார்ச்சில்கூட வரும், அதனால் அதன் பிறகு கோப்பில் போட்டு வையுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருக்கும் மெடிகேர் அட்டையை மட்டும் எப்போதும் தூக்கிப் போடக் கூடாது, வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.